ஒன்பதுக்கு ஒன்பது: குடையும் கோபுரமும் வைத்து ஒரு குறுக்கெழுத்து

மாமனார் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் தவறாமல் குறுக்கெழுத்து போடுகிற கை அது. கண்புரை அறுவை சிகிச்சை ஆன பிறகு பத்திரிகையின் பொடிக் கட்டங்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. "கட்டம் தெரியுதும்மா, உள்ள இருக்கிற எண்ணுதான் தெரியலை" என்றார். எண் தெரியாவிட்டால் எந்தக் குறிப்பு எந்தக் கட்டத்துக்கு என்று எப்படிச் சேர்ப்பது? பெரிய கட்டமாக நானே ஒரு புதிர் செய்து தருகிறேன் என்று சொன்னேன். கண்ணுக்கு மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியைத் தொட்டுக்கொண்டே, "இந்த மூடியைப் பத்தியே ஒரு குறிப்பு எழுதேன்" என்றார். அதுதான் தொடக்கம்.

மூடுவன, மறைப்பன, போர்த்துவன ஒரு பக்கம். இன்னொரு பக்கத்துக்குப் பேர்பெற்ற கட்டடங்களை எடுத்துக்கொண்டேன். நான் இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டை. காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கப் போனாலே பட்டியல் தானாக நீளும். 1836இல் முதல்முறை எரிந்த பழைய கலங்கரை விளக்கம், பாரதி பூங்காவில் ஆயி மண்டபம், 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்து மறுபடி கட்டி 2021இல் திறந்த மேரி கட்டடம் (பிரெஞ்சில் மேரி என்றால் நகராட்சி மன்றம்). நோட்டில் நடுவே கோடு கிழித்து இடது பக்கம் மூடி, கூரை, போர்வை, அட்டை, திரை, குடை, முக்காடு என்று எழுதினேன். வலது பக்கம் கோட்டை, கோபுரம், மகால், மண்டபம், அரங்கம், பொன்னம்பலம்.

எனக்குப் பிடித்தது சொல்விளையாட்டுக் குறிப்பு. வெறும் அர்த்தம் சொல்லும் குறிப்பில் விடை தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை. விளையாட்டுக் குறிப்பில் இரண்டு வழி இருக்கும். ஒரு பகுதி விடையின் பொருளைச் சொல்லும், மறு பகுதி விடையை எழுத்தெழுத்தாகக் கட்டித் தரும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டும்போது விடை சரிதான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அதில் ஒரு சொல்கூடச் சும்மா நிற்கக் கூடாது.

முதல் மூன்று நாள் கட்டத்தைத் தொடவே இல்லை. குறிப்புகள்தான். எனக்கு முதலில் கிடைத்தது திரை: "கடலில் எழும், மேடையில் விழும் (2)". அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையில் எத்தனை எழுத்து என்ற எண். திரை என்றால் அலையும்தானே. அடுத்தது போர்வை: "யுத்தத்தை நிறுத்தி வை, குளிர் தெரியாது (3)". எழுதி முடித்ததும் 'நிறுத்தி' என்ற சொல் சும்மா நிற்பது தெரிந்தது. போர், வை, அவ்வளவுதான் வேண்டும். "யுத்தம் வை, குளிர் தெரியாது" என்று வெட்டினேன். வாசிக்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது, ஆனால் நேர்மையாக இருக்கிறது.

குறில் நெடிலாக நீளும் விளையாட்டு இருக்கிறதே, அது தமிழுக்கென்றே அமைந்தது. முடி நீண்டால் மூடி. மடம் நீண்டால் மாடம். கொட்டை நீண்டால் கோட்டை. இந்தக் கடைசி ஜோடி கிடைத்த அன்று சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை. கடலூர் நகரத்துக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம். 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் வாங்கி, 1758இல் பிரெஞ்சுக்காரர் பிடித்துத் தகர்த்த கோட்டை அது. குறிப்பு இப்படி வந்தது: "பண்ருட்டி முந்திரியில் உள்ளது நீண்டால் தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் (3)".

பொன்னம்பலத்தில் ஒரு நாள் முழுக்கப் போனது. கடலூருக்கு வடக்கே போனால் ஆரோவில் மாத்ரிமந்திர், தங்கத் தட்டுகள் போர்த்த பெரிய உருண்டை. தெற்கே போனால் சிதம்பரம், பொன் வேய்ந்த கூரை. முதலாம் பராந்தக சோழன் தில்லையம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று சோழர் செப்பேடு சொல்கிறது. இரண்டு பொன் மூடிகளுக்கு நடுவில் மாமனார் வீடு இருக்கிறது என்று நினைத்தபோது இந்தத் தலைப்பே அவருக்காக அமைந்தது போலத் தோன்றியது. 'பலம்' கடைசியில் நிற்பது உடனே கண்ணில் பட்டது, 'பொன்' முன்னால் நிற்கிறது, நடுவில் 'அம்' மட்டும் இடித்தது. மறுநாள் காலையில்தான் உறைத்தது: அம் என்றால் அழகு. "தங்கம், அழகு, வலிமை மூன்றும் சேர்ந்த இடத்தில் தில்லைக்கூத்தன் (7)".

சரி, இனி கட்டம். இங்கேதான் பாடுபட்டேன்.

பழைய நாட்காட்டி அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி எழுத்து எழுதி, தரையில் பாய் விரித்து அடுக்கினேன். பென்சிலால் எழுதி அழிப்பதைவிட இது வேகம். முதலில் பதினொன்றுக்குப் பதினொன்று கட்டம். இரண்டு இரவு உட்கார்ந்தும் நிறையவில்லை. காரணம் புள்ளி எழுத்துகள். தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்களில் முடியவும் முடியாது. அப்படியென்றால் கோட்டையின் 'ட்' வேறொரு சொல்லோடு குறுக்கே வெட்ட வேண்டுமானால், அந்தச் சொல்லின் நடுவிலும் 'ட்' இருந்தாக வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் இடம் வேண்டும். பொன்னம்பலம் என்ற ஏழு எழுத்தில் மூன்று புள்ளி எழுத்து. அதைப் படுக்க வைத்தவுடன் மேலும் கீழும் எல்லாம் அடைபட்டது. மனசில்லாமல் எடுத்து ஓரமாக வைத்தேன். கோட்டை, திரை, போர்வை, மகால் எல்லாமே பின்னால் அதோடு போய்ச் சேர்ந்தன.

ஒன்பதுக்கு ஒன்பதாகக் குறைத்தேன். இந்த முறை கட்டத்தின் நடு வரிசையிலிருந்து தொடங்கினேன்: ஐந்தாம் வரிசையில் குடைவரை, ஒரு கறுப்புக் கட்டம், கோபுரம். நான்கு, ஒன்று, நான்கு, மொத்தம் ஒன்பது. குடைவரையின் 'டை'க்கு மேலிருந்து இறங்கி வந்து முடியும்படி அட்டை. அதன் 'ரை'யில் வந்து முடியும்படி கலங்கரை. இப்போது மூன்றாம் வரிசையைப் பாருங்கள். அட்டையின் 'அ' ஒரு பக்கம், கலங்கரையின் 'ங்' ஒரு பக்கம், நடுவில் ஒரு காலிக் கட்டம். அ, ஏதோ ஒன்று, ங். 'ங்' வந்து நின்றதும் இந்த மூலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். 'ங்'கை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? அட்டைத் துண்டுகளை வாரி எடுக்கக் கை நீட்டியபோதுதான் தெரிந்தது: அரங்கம்! அது மட்டுமா, அதுவும் ஒரு கட்டடம். புதுச்சேரியில் கம்பன் கலையரங்கத்தைத் தெரியாதவர் யார்?

எதிர்ப்பக்க மூலையிலும் இதே போல ஒன்று நடந்தது. கோபுரத்தின் 'கோ'விலிருந்து கீழே இறங்க ஐந்தெழுத்துச் சொல் வேண்டும். கோல்கொண்டே. அரவிந்தர் ஆசிரம விடுதி. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது, ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கி வேலை பார்த்தது, 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. கட்டட முகப்பு முழுக்கச் சன்னல் சுவருக்குப் பதிலாகத் திருப்பித் திறக்கும் கிடைமட்டப் பலகைகள். வெயிலை மறைக்கும், காற்றை விடும். மூடுவதையும் கட்டடத்தையும் பற்றிய புதிருக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் புதுச்சேரியில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதன் நடு எழுத்து 'கொ'. நடுவில் 'கொ' வரும் ஐந்தெழுத்துச் சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டிவிட்டு, கடைசியில் பூக்கடை வாசலில் கிடைத்தது: பூங்கொத்து. அதன் கடைசி 'து'வும் கோபுரத்தின் 'ர'வும் மேலும் கீழுமாக நின்று, நடுவில் 'த்' வந்து விழ, ரத்து.

கோபுரத்தின் கடைசி 'ம்'மில் வந்து முடியும்படி வலது ஓரத்தில் மண்டபம் இறங்கியது. இடது ஓரத்தில் குடைவரையின் 'கு'விலிருந்து குப்பாயம். சட்டை, அங்கி என்று பொருள். இதுவும் மேலே போர்த்துவதுதான். கோல்கொண்டேயின் 'டே' அடி வரிசையில் அநாதையாக நின்றது. அதற்குக் கிடைத்த ஒரே துணை டேரா. கூடாரம், ஆக அதுவும் மூடுவதே. அதற்குச் சமச்சீராக மேலே இரண்டெழுத்துச் சொல் ஒன்று வேண்டும், கலங்கரையின் 'க'வில் முடிய வேண்டும். 'ஆக' என்று போட்டேன். கட்டடமும் இல்லை, மூடியும் இல்லை. டேராவுக்குக் கொடுத்த விலை அது.

சமச்சீர் கட்டாயமா என்றால் இல்லை. 1913 டிசம்பர் 21 அன்று ஒரு நியூயார்க் நாளிதழில் ஆர்தர் வின் போட்ட முதல் புதிரில் கறுப்புக் கட்டங்கள் சிதறிக் கிடக்கவில்லை, வைர வடிவம் அது. ஆனால் தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கட்டம் அப்படியே இருப்பது எனக்குப் பிடிக்கும். அதற்காக மெனக்கெட்டேன்.

மொத்தம் 16 சொற்கள். 81 கட்டத்தில் 39 கறுப்பு. கறுப்பு அதிகம்தான்.

கணினியில் ஏற்றியபோது ஒரு சின்னச் சிக்கல். விரிதாளில் எழுத்து எண்ணும் சூத்திரம் போட்டேன். கோல்கொண்டேவுக்கு 10 என்று காட்டியது. கணினிக்குக் 'கோ' என்பது 'க' ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று. 'ல்' என்பது 'ல' ஒன்று, புள்ளி ஒன்று. நமக்கு ஐந்து, அதற்குப் பத்து. சூத்திரத்தை அழித்துவிட்டு விரல்விட்டு எண்ணினேன். குறிப்பின் முடிவில் வரும் எண்ணைத் தவறாகப் போட்டால் தீர்ப்பவருக்குச் செய்யும் துரோகம் அது, அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணினேன்.

கட்டத்துக்குள் வந்த சொற்களுக்கு இனி குறிப்பு. அட்டை எளிது: "புத்தகத்தைக் காக்கும், ரத்தத்தைக் குடிக்கும் (3)". அரங்கம் என்பது அங்கத்துக்குள் 'ர': "உறுப்புக்குள் ரகசியம் தொடங்கினால் நாடகம் நடக்கும் (5)". கோபுரத்துக்கு "பசுவின் ஊரில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது (4)". கோல்கொண்டேவுக்கு "தடி வைத்தபடியே வெயிலைத் தடுக்கும் ஆசிரம விடுதி (5)". ரத்து ஒளிந்திருக்கும் சொல்: "ஜுரத்துக்கு நடுவே, இன்று நிகழ்ச்சி இல்லை (3)". மண்டபம் என்பது மண்ணோடு படம் கலைந்தது. முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்த நினைவாக எழுப்பிய மண்டபத்துக்கு ஆயி என்ற பெண்ணின் பெயர். குறிப்பு: "மண்ணோடு கலைந்த படம் ஆயிக்குச் சொந்தம் (5)".

குடைவரைக்கு எழுதியதுதான் இந்தப் புதிரிலேயே எனக்கு நெருக்கமானது. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் என்று அங்கே கல்வெட்டே சொல்கிறது. குடைவரை என்ற பெயரில் குடை என்பது குடைதல், வரை என்பது மலை. குறிப்பில் இரண்டையும் வேறு பொருளுக்குத் திருப்பினேன்: "மழைக்குப் பிடிப்பதைத் தீட்டினால் மகேந்திரவர்மன் கோயில் (4)". குடையையும் வரையையும் பிரித்த பிறகு பாருங்கள், ஒரு மூடியும் ஒரு கட்டடமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

கலங்கரைக்கு நாலைந்து எழுதிக் கிழித்தேன். 'கலங்கு' என்பதோடு 'அரை' சேர்ந்தால் கலங்கரை. பின்னால் விளக்கம் என்ற சொல் வரும். கடைசியில் நின்றது: "கலங்கு, பாதியில் விளக்கம் வரும் (5)".

அச்செடுக்கப் போன ஜெராக்ஸ் கடையில் கோப்பைத் திறந்ததும் கொம்பும் காலும் கழன்று புள்ளி வட்டங்களாகக் கிடந்தன. அங்கே எழுத்துரு இல்லை. வீட்டுக்கு வந்து பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனேன். 39 கறுப்புக் கட்டத்தையும் முழுக் கறுப்பாக அடித்தால் மை ஈரம் மறுபக்கம் ஊறியது. இளஞ்சாம்பல் நிறமாக மாற்றினேன், ஏ3 தாள், ஒவ்வொரு கட்டமும் மூன்று சென்டிமீட்டர். எண்ணைக் கட்டத்தின் மூலையில் வைக்காமல் கட்டத்தின் மேல் விளிம்பில் நடுவாக, தடித்த எழுத்தில் போட்டேன். அவருடைய கண்ணுக்கு அதுதான் வசதி.

ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குக் கொண்டுபோனேன். மாமனார் திண்ணையில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தார். நான் வாய் திறக்கவில்லை. அட்டை உடனே போட்டார். கோபுரமும் போட்டார். பிறகு அரை மணி நேரம் பேச்சில்லை. கலங்கரைக் குறிப்பை நாலு தரம் உரக்க வாசித்தார். "கலங்கு... பாதியில்... அரையா? அட, கலங்கரை!" என்று தொடையில் தட்டினார். "பாதியில விளக்கம் வரும்... சொன்ன மாதிரியே பாதியிலதான் வெளங்குச்சு" என்று அத்தையைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

பிழைகளையும் விடவில்லை. மாடத்துக்கு "துறவியர் இல்லம் நீண்டால் விளக்கு வைக்கலாம் (3)" என்று எழுதியிருந்தேன். "எந்த எழுத்து நீளணும்னு சொல்லலையேம்மா. மடாம்னு நீட்டினா?" என்றார். 'துறவியர் இல்லத்தின் தலை நீண்டால்' என்று அங்கேயே பேனாவால் திருத்தினோம். கோட்டைக் குறிப்பிலும் இதே ஓட்டை இருந்தது, அதையும் நோட்டில் சரிசெய்தேன். கட்டத்தில் சேராத குறிப்புகளை வாயால் சொன்னேன். அதில் ஒன்று கூரைக்கு எழுதியது: "மணப்பெண் உடுத்துவது வீட்டையும் மூடும் (2)". அவர் தலையை ஆட்டினார். "அது கூறை. பெரிய ற. வீட்டுக்குப் போடுறது சின்ன ர. ரெண்டும் வேற." இத்தனை நாள் என் நோட்டில் அந்தப் பிழை இருந்திருக்கிறது, என் கண்ணில் படவே இல்லை. ஒலி ஒன்றாக இருக்கிறதே என்று ஏமாந்திருக்கிறேன். குறிப்பில் 'கேட்டால்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் நியாயமாகியிருக்கும். குப்பாயம் யாருக்கும் தெரியாதே என்று நானே தயங்கியபோது, "ஏன் தெரியாது? சீவக சிந்தாமணியில வருதே" என்று அதை மட்டும் காப்பாற்றினார்.

கடைசியாக அவர் சொன்னதுதான் பெரிய பிழை. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பாலமே இல்லையே, ரெண்டு புதிர் மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான். இடது பக்கத்து எட்டுச் சொல்லும் வலது பக்கத்து எட்டுச் சொல்லும் எங்கேயும் தொட்டுக்கொள்ளவில்லை. நடு வரிசையில் நான் ஆசையாக வைத்த அந்த ஒற்றைக் கறுப்புக் கட்டம் இரண்டையும் பிரித்துவிட்டது. அடுத்த கட்டத்தில் நட்ட நடுவில் எழுத்து இருக்க வேண்டும், அதைத் தாண்டி ஒரு நீளச் சொல் ஓட வேண்டும். பதினொன்றுக்குப் பதினொன்றில் நடு வரிசையில் பொன்னம்பலம் ஏழு கட்டம் பிடித்தால், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மிஞ்சும். அட்டைத் துண்டுகளை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் என் கணவர் கடலூர் போய்வந்தபோது மாமனார் முழுதும் நிரப்பிய தாளை ஒட்டிய கவரில் போட்டு அனுப்பியிருந்தார். கவரின் மேல் அவருடைய கையெழுத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தாக, ஒரு குறிப்பு. "பாலில் ஊற்று, வாளைச் செருகு, இப்போது உன் கையில் இருக்கிறது (2)". அந்தச் சொல் என் நோட்டின் இடது பக்கத்தில் இல்லவே இல்லை. விடையைக் கிழித்துத்தான் உள்ளே இருந்த தாளை எடுத்தேன்.